'நாளைக்கு ஏறும்' அண்ணனும் தங்கையின் கூரையும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மரவாடித் தெருவில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவர் 'நாளைக்கு ஏறும்' அண்ணன்தான். மரம் வாங்க வந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்து, விலையைக் கேட்டு, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று நழுவப் பார்த்தால் போதும். அண்ணன் குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரரிடம் குடும்ப ரகசியம் சொல்வதுபோல, "தாராளமா யோசிங்க. ஆனா நாளைக்கு ஏறும்" என்பார். பாதிப் பேர் அங்கேயே பையைத் திறந்துவிடுவார்கள். மறுநாள் விலை ஏறியதா என்று யார் திரும்பி வந்து கேட்கப்போகிறார்கள்? வாங்கிய மரம் விலை ஏறியிருக்கும் என்று நம்பினால்தானே வாங்கியவனுக்குத் தூக்கம் வரும்.

அந்த மரவாடியிலேயே அவருக்குத் தலை நரைத்தது. பெரிய முதலாளி காலத்தில் லாரியிலிருந்து மரம் இறக்கும் ஆளாகச் சேர்ந்தார். மகன் முதலாளியானபோது விலை சொல்லும் ஆளாகியிருந்தார். அதை உயர்வு என்று அவராகவே சொல்லிக்கொண்டார். முதுகில் சுமந்ததை வாயில் சுமக்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

கல்யாணம் காட்சி என்று எதுவும் அவருக்கு அமையவில்லை. இருந்தது ஒரே தங்கை. அவள் துணி தைப்பவள், அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு அறைக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இனி கூரை போட வேண்டும். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மழைக்கு முன்னால் கூரை ஏறாவிட்டால் வானம் பார்த்துப் படுக்க வேண்டியதுதான்.

"மரத்தைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? அண்ணன் எதுக்கு இருக்கேன்?" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் வேறு எந்தக் கடைப் படியும் ஏறவில்லை.

அந்த வருஷம் பார்த்து மரம் அனுப்பும் நாட்டில் ஏதோ தடை போட்டார்கள். கப்பல்கள் வரவில்லை. சிமெண்ட் ஏறியது, இரும்புக் கம்பி ஏறியது, கடல் தண்ணீரையே பார்த்திராத செங்கல்லும் மணலும்கூட நாம் மட்டும் சும்மா இருப்பானேன் என்று ஏறின. எதைத் தொட்டாலும் ஆனை விலை குதிரை விலை. வருஷக்கணக்காக 'நாளைக்கு ஏறும்' என்று புளுகிவந்த மனிதரின் வாக்கு ஒருவழியாகப் பலித்தது.

முதலாளி அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"முன்னாடி இருக்கற மரத்தை எல்லாம் பின்கொட்டகைக்கு மாத்திடு. யார் கேட்டாலும் சரக்கு இல்லைன்னு சொல்லு. ரெண்டு மாசம் போனா நாம சொல்றதுதான் விலை."

மரத்தை அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குறுக்காகக் குச்சி வைக்க வேண்டும். காற்று புகுந்து போனால்தான் மரம் சீராகக் காயும். நெருக்கி அடுக்கினால் ஈரம் உள்ளேயே நின்று மரத்தை முறுக்கிவிடும். அண்ணன் முறைப்படி குச்சி வைத்துத்தான் அடுக்கினார். அடுக்கு மதில் சுவருக்கு மேலே தலை நீட்டியது.

"தெருவுல போறவன் கண்ணுல படுதே. குச்சியை உருவிடு, அடுக்கு இறங்கிடும்" என்றார் முதலாளி.

"வளைஞ்சிடும் முதலாளி."

"வளையறதுக்குள்ள வித்துடுவோம்பா. மரம் வாங்கறவன் வீட்டுல வளைஞ்சா நமக்கென்ன?"

அண்ணன் குச்சிகளை உருவினார். தப்பு என்று தெரிந்தே உருவினார், அதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் மரத்தின் முனை வெடிக்காமல் இருக்கப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். எப்போதும் அடிக்கிற சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. முதலாளி வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை ஒரு டின் கிடந்தது. கொட்டகை மரம் அத்தனைக்கும் அண்ணன் தன் கையாலேயே அந்தப் பச்சையைப் பூசினார். மேலே தார்ப்பாய் போட்டு மூடினார்.

நடுவில் ஒரு காரியம் செய்தார். தலையைச் சொறிந்துகொண்டே தங்கைக்கு வேண்டிய மரத்தைக் கேட்டார்.

"உன் தங்கச்சிக்கு இல்லாததா? பழைய விலைக்கே எடுத்துக்கோ. ஆனா இப்ப வேண்டாம். ஒரு கட்டை வெளிய போனாலும் ஊருக்கே தெரிஞ்சிடும். கொஞ்சம் ஆறட்டும்" என்றார் முதலாளி.

அண்ணனுக்கு வயிறு குளிர்ந்தது. பேசிப் பேசியே ஊர் தலையில் மரத்தைக் கட்டியவர், தன் தலையில் முதலாளி ஒரு பேச்சைக் கட்டியபோது எடை பார்க்கவே இல்லை.

அன்று மத்தியானமே தங்கை வந்துவிட்டாள். வந்ததும் அவள் கண் முதலில் போனது மரத்துக்கு அல்ல, அவர் சட்டைக்கு.

"என்னண்ணா இது கோலம்! போன வாரம்தானே தைச்சுக் குடுத்தேன். கையெல்லாம் பச்சை!" என்று கைப்பட்டியை இழுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டா? போகவே போகாதே."

"விடும்மா, வேலை செய்யற சட்டைதானே."

"சரி, மரம் எப்ப எடுத்துக்கலாம்? ஆசாரி தயாரா இருக்கார்."

கண்ணாடி அறைக்குள் முதலாளி பேப்பரை விரித்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தார்.

"சரக்கு இல்லைம்மா."

"இல்லையா? அப்ப வேற எங்கேயாவது பார்க்கட்டுமா? தினம் ஏறுதுன்னு சொல்றாங்களே."

ஆயுளில் முதல்தடவையாக அவர் வாய் மாற்றிச் சொன்னது. "அவசரப்படாதே. பொறு. இறங்கும்."

ஊரே அவர் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கும். அவள் முழுசாக நம்பினாள். பொறுத்தாள்.

விலை இறங்கவில்லை. வாரத்துக்கு வாரம் ஏறியது. வாடகை வீட்டைக் காலி செய்து, சுவர் மட்டும் நின்ற வீட்டுக்குள் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டிக் குடி போனார்கள். அண்ணன் முதலாளியிடம் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். "இந்த வாரம் போகட்டும்பா" என்றார் அவர். கொட்டகையில் மரம் இருக்கிறது என்று தங்கை காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போட்டால் வேலை போகும். இந்த வயதில் இவரை எவன் சேர்த்துக்கொள்வான்? பயம்தான், வேறொன்றும் இல்லை. அதற்கு அவர் விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

வார விடுமுறை முடிந்து ஒரு காலை போனபோது கொட்டகை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. தார்ப்பாயை மட்டும் மடித்து வைத்திருந்தார்கள்.

"ஒரு புரோக்கர் மொத்தமா எடுத்துக்கிட்டான். நல்ல விலை" என்றார் முதலாளி.

"என் தங்கச்சிக்கு வேணும்னு சொல்லியிருந்தேனே..."

"அடடா, மறந்தே போச்சுப்பா."

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று அண்ணன் ஒரு வாரம் கையைப் பிசைந்தார். அதற்குள் அவளே போன் செய்தாள்.

"மேகம் கட்டுதுண்ணா, இனிமே பொறுக்க முடியல. இவர் ஒரு புரோக்கர்கிட்ட மரம் எடுத்துட்டார். மூணு மடங்கு சொன்னான். என் மோட்டார் தையல் மெஷினை வித்துட்டேன். போகட்டும், கூரை ஏறிடுச்சு."

அவருக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நிம்மதியை நினைத்தால் இதைச் சொல்கிற எனக்கே வாய் கசக்கிறது.

கூரை ஏறிய மூன்றாம் வாரம் தடை நீங்கிக் கப்பல்கள் வரிசையாக வந்தன. மரவாடிகளில் சரக்கு வைக்க இடமில்லை. விலை தடதடவென்று பழைய இடத்துக்கே இறங்கி நின்றது. முதலாளி அவர் தோளைத் தட்டி, "நாம தப்பிச்சோம்பா" என்றார்.

நல்ல மழை பிடித்த ஒரு காலையில் தங்கை கூப்பிட்டாள். "கூரை ஒழுகுது. மரம் தெரிஞ்சவன் நீதானே, வந்து பார்த்துட்டுப் போ."

போனார். அறை நடுவில் பாத்திரங்கள் வைத்திருந்தாள். மேலே உத்தரம் முறுக்கிக்கொண்டு வளைந்திருந்தது. அதன்மேல் போட்ட தகடுகள் வாயைப் பிளந்திருந்தன. மோட்டார் மெஷின் இருந்த மூலையில் அவள் பாயை விரித்து, யாருடைய ரவிக்கைக்கோ கையால் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"குச்சி வைக்காம நெருக்கி அடுக்கின மரம்னு ஆசாரி சொன்னார். அப்படியாண்ணா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் முனை வெளியே தெரிந்தது. பச்சை. அடுத்த முனை, அதற்கடுத்தது, எல்லாம் பச்சை. பிரஷ்ஷைத் திருப்பி அவர் ஓட்டிய ஓட்டம்கூட அப்படியே இருந்தது.

"ஏதோ... வெளியூர்ச் சரக்கா இருக்கும்மா" என்றார்.

தங்கை உத்தரத்தைப் பார்க்கவில்லை. அவர் கைப்பட்டியைப் பார்த்தாள். அதே சட்டை. எத்தனையோ துவைப்புக்குப் பிறகும் கறை மங்கியிருந்ததே தவிரப் போகவில்லை.

"அன்னிக்கு நான் வந்து கேட்டப்ப, இது உள்ளதான் இருந்துதா?"

எத்தனையோ பேரைப் பேசியே மடக்கியவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் நிரம்பிய பாத்திரத்தை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"இப்ப விலை இறங்கிடுச்சும்மா. நல்ல மரமா பார்த்து மாத்திடலாம்."

"எதுக்கு அவசரம்?" என்றாள் அவள், ஊசியை எடுத்துக்கொண்டு. "பொறுக்கறேன். நாளைக்கு இன்னும் இறங்கும்."