கென்-புலாக்குக்கு ஒரே ஒரு பட்டன்

நரின் நகர ஆஸ்பத்திரியில் நான் வண்டி ஓட்டுகிறேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் பூர்மாகான். அவளைப் போல வாயாடியும் கிடையாது, அவளைப் போல ஏமாந்தவளும் கிடையாது. ஏமாந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், வரட்டும்.

அவள் பிறந்தது கணவாய்க்கு அந்தப் பக்கம், கென்-புலாக்கில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயர் பிடித்துப் பழகியவள். எக்ஸ்சேஞ்சை மூடியதும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷன் கஜகஸ்தானுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அவனைப் பற்றிக் கேட்டால், "அவருக்கு சிக்னல் போயிடுச்சு அண்ணே, டவரையே காணோம்" என்று சிரிப்பாள். இருப்பது ஒரே மகள். அந்தப் பெண் பிறந்த குளிர்காலத்தில் பனி விழுந்து கணவாய் மூடிக் கிடந்தது. ஊர் மருத்துவ நிலையத்தில் இருந்த சீய்னத்தான் தனியாளாக நின்று தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாள். சீய்னத் டாக்டர் இல்லை. டாக்டருக்கும் நர்சுக்கும் நடுவில் ஒரு படிப்பு. ஆனால் அந்த ஊருக்கு ஊசியும் தையலும் பிரசவமும் அவள் கைதான். தொப்புள்கொடி அறுத்தவளை நாங்கள் தொப்புள் அம்மா என்போம், அவளைக் கேட்காமல் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிக்க மாட்டோம். ஆக, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி அதற்குப் பிறகு உறவுக்காரியும் ஆகிவிட்டாள்.

போன வசந்தத்தில் தலைமை டாக்டர் ஷார்ஷென் ஒமுரோவிச் பூர்மாகானைக் கூப்பிட்டு அனுப்பினார். வயதில் அவளுக்கு இளையவர். அக்கா, அக்கா என்று தேன் ஒழுகப் பேசுவார்.

"அக்கா, மலையூருங்களுக்கெல்லாம் இங்கேருந்தே டாக்டரைக் காட்டணும். முதல்ல உங்க ஊருலயே ஆரம்பிங்க. சீய்னத் பாவம், தனியா கிடந்து அல்லாடுறாங்க. பக்கத்துல ஒரு டாக்டர் உக்காந்திருக்க மாதிரி தெம்பா இருக்கும்ல?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பூர்மாகான் அந்த வேலையில் அப்படி விழுந்தாள்.

கொடுத்தது தின் கிளையன்ட் பெட்டிகள். உள்ளங்கை அளவுதான் இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது. வேலையெல்லாம் நரினில் உள்ள சர்வரில் நடக்கும், பெட்டி வெறுமனே திரையைக் காட்டும். எங்கள் நர்சுகள் அதற்கு மூளையில்லாத பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். எழுத்து வேலைக்கு அது போதும். பேச வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. முதல் நாள் சீய்னத் வாயைத் திறந்து மூடி வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்தது. முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. இங்கே பேசுவது அங்கே போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

"ஏன்டி, உன் பெட்டிக்கு என்னைக் கண்டா திக்குவாயா?" என்றாள் சீய்னத்.

"உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்குத்தான் திக்காது?"

பூர்மாகானை ஏற்றிக்கொண்டு அந்தக் கோடை முழுவதும் கணவாய் ஏறி இறங்கினேன். வண்டியில் அவள் அதையேதான் பேசிக்கொண்டு வருவாள். "அங்க இருக்க கேமரா எடுக்குற படம் மொதல்ல சர்வருக்கு வந்து, அங்க பிசைஞ்சு, அப்புறம்தான் டாக்டர்கிட்ட போகுது அண்ணே. டீ குடிக்க ஆசைப்பட்டு, தண்ணியை நரினுக்கு அனுப்பி கொதிக்க வெச்சு திரும்ப எடுத்துட்டு வர்ற கதை." கடைசியில் படத்தையும் குரலையும் சர்வர் பக்கம் சுற்றவிடாமல், பெட்டியே நேராக டாக்டர் பக்கத்துப் பெட்டியோடு பேசிக்கொள்ளும்படி செய்துவிட்டாள். ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போட்டு, தன் குரலைத் தானே கேட்டுக் கத்தாத, மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒன்றைப் பொருத்தினாள். அதன் பிறகு சீய்னத்தின் அறையில் கெட்டில் மூடி ஆடுவதுகூட நரினில் கேட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். சீய்னத்தான் கேட்டாள்: "பாஸ்வேர்டு, அது இதுன்னு ஆறு எடத்துல தட்ட வெக்கிறியே. கையில ரத்தத்தோட நிக்கும்போது நான் எதைடி தட்டுவேன்? ஒரே பட்டனா பண்ணிக் குடு." தோழி கேட்டு இவள் மறுப்பாளா? விசைப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிவப்பாக ஒரே ஒரு பட்டன் வைத்தாள். அமுக்கினால் நேராக நரின் டாக்டர்.

பட்டன் வைத்த அன்றைக்கு ஊரே வந்துவிட்டது. புது மணப்பெண்ணையோ பிறந்த பிள்ளையையோ முதன்முதலாகப் பார்த்தால் நாங்கள் வெறுங்கையோடு பார்க்க மாட்டோம். அதே போல் திரையில் டாக்டர் முகம் தெரிந்ததும் ஆடு மேய்க்கும் ஜாபார் கிழவர் ஒரு கட்டி வெண்ணெயைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார். சீய்னத் புது வெள்ளைத் தலைத்துணி ஒன்றைத் திரையின் மேல் போர்த்திவிட்டு, "கண்ணுபடாம இருக்கட்டும்" என்றாள். பூர்மாகான் அழுதுவிட்டாள். நானும் எண்ணெயில் பொரித்த போர்சோக் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

இலை உதிரும் காலத்தில் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து கோட்டுப் போட்ட நாலு அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முந்தின நாளே தலைமை டாக்டர் பூர்மாகானிடம், "அவங்க என்ன கேட்டாலும் தயங்காதீங்க அக்கா. ரொம்ப சுலபம்னு அடிச்சுச் சொல்லுங்க. அப்பத்தான் மத்த ஊருக்கும் குடுப்பாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். அவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போன நானும் அந்த அறையில் நின்றேன். திரையில் சீய்னத் தெரிந்தாள், பக்கத்தில் ஜாபார்.

"சீய்னத், நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. பெரியவர் தனியா அமுக்கட்டும்" என்றார் ஷார்ஷென் ஒமுரோவிச்.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே போனாள். லைனைத் துண்டித்தார்கள். கிழவர் அமுக்கினார். மணி அடித்தது, முகம் பளிச்சென்று வந்தது. "ரத்தக்கொதிப்பு இருக்குது டாக்டரே" என்று கத்தினார்.

கோட்டுக்காரரில் ஒருவர் கேட்டார்: "அந்தப் பக்கம் உதவிக்கு ஆள் யாராவது இருக்கணுமாம்மா?"

பூர்மாகானுக்குப் பெருமை பிடிபடவில்லை. "யாரும் வேண்டாங்க. பட்டனை அமுக்கத் தெரிஞ்சா போதும்."

தலைமை டாக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன், அப்போது எனக்குப் புரியவில்லை.

சில வாரத்தில் உத்தரவு வந்தது. கென்-புலாக்கில் சீய்னத்தின் வேலை ரத்து. மருத்துவ நிலையத்தின் சாவி ஊர் நிர்வாகத்திடம் இருக்கும். நோயாளி வந்தால் திறந்துவிடுவார்களாம், நோயாளியே பட்டனை அமுக்கிக்கொள்வாராம்.

பூர்மாகான் தலைமை டாக்டர் அறைக்குப் படியேறி ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன்.

"எங்கிட்ட என்ன சொன்னீங்க? சீய்னத்துக்குத் துணையா இருக்கும்னுதானே சொன்னீங்க?"

அவர் காகிதத்திலிருந்து நிமிரவில்லை. "பூர்மாகான் ஜூமாவ்னா, ஆளே தேவையில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது நீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லலையே."

அதுவரை அக்கா. அன்றைக்கு அப்பா பேரோடு சேர்த்து முழுப்பேர். முகத்தில் எச்சில் துப்பியிருந்தால்கூட அவள் அவ்வளவு வெளுத்திருக்க மாட்டாள்.

"நான் பெட்டியைப் பத்திச் சொன்னேன்."

"நாங்களும் அதைத்தான் எடுத்துக்கிட்டோம். அடுத்த ஊருக்குப் பெட்டிங்க வண்டியில ஏத்தியாச்சு. கெளம்புங்க."

ஏற்றியவன் நான்தான். பாவி.

அவள் தன் அறைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கென்-புலாக்கிலிருந்து அழைப்பு வந்தது, டாக்டர் அதை எங்களிடம் திருப்பிவிட்டார். திரையில் சீய்னத், தோளில் கோட்டு, கையில் பை. பின்னால் அலமாரி காலி.

"குரல் கேக்குதா?"

"கேக்குது."

"ஜாபார் தாத்தா என்னமோ சொன்னாரு. நான் நம்பல. உங்கிட்டயே கேட்டுருவோம்னு அமுக்கினேன். இங்க யாரும் வேண்டாம்னு நீ சொன்னியா?"

பூர்மாகான் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னேன். ஆனா உன்னைய மனசுல வெச்சு சொல்லலடி. அவன் என்னை ஏமாத்திட்டான், சத்தியமா..."

"அவன் யாரோ. ஏமாத்துறது அவன் பொழப்பு. நீ எம் பொண்ணோட அம்மாடி." சீய்னத்தின் உதடு நடுங்கியது. குரலும் அதே நேரத்தில் நடுங்கியது, ஒரு இம்மிகூடப் பிந்தவில்லை. "அவ பொறந்த அன்னிக்கு, கணவாய் மூடிக் கெடந்தப்போ, நீ எந்த பட்டனை அமுக்கின?"

பூர்மாகான் மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சீய்னத் எழுந்து, திரையின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை முன்பக்கம் இழுத்து விட்டாள். எங்கள் பக்கம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மைக்கை அவள் தொடவில்லை. பலகைத் தரையில் அவள் நடப்பது கேட்டது. கதவு சாத்துவது கேட்டது. பிறகு சாவி பூட்டில் இரண்டு முறை திரும்பியது, பக்கத்து அறையில் யாரோ பூட்டுகிற மாதிரி, அவ்வளவு தெளிவாக.