ஜெகதீசன் பேசிய பதினொரு நிமிடம்

திண்டிவனத்தில் வேணியின் குரலைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. தக்காளி வண்டியில் வருவது அவள் குரல். துணிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், குடிநீர் வரி கட்டச் சொல்லிக்கொண்டு போகும் ஆட்டோ, எல்லாம் அவள்தான். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விருத்தாசலம் நடத்தும் மைக்செட் கடையில் பன்னிரண்டு வருஷமாக அறிவிப்பு பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். அதற்கு அடுத்த கதவு என் கடை. நான் கவிதா. பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். அதனால் செத்தவர்களுக்கு இந்த ஊர் செய்கிற மரியாதையின் லட்சணம் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

அதிலும் பொம்பளை செத்தால் கேட்கவே வேண்டாம். பேனரில் அவள் படம் மூலையில், தபால்தலை அளவுக்கு இருக்கும். நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக் கைகூப்பிக்கொண்டு மகன் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் மருமகன்கள், அதற்குக் கீழே கையில் செல்போனோடு பேரன்கள். யார் செத்தது என்று தெரிந்துகொள்ள வண்டியை நிறுத்தி இறங்கித்தான் பார்க்க வேண்டும். எத்தனையோ தடவை, "கொஞ்சம் அம்மா படத்தப் பெருசா வெக்கலாங்களே" என்று சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

வேணி என்னைப் போல வாயாடி இல்லை. மனசுக்குள் போட்டுப் புழுங்குகிற ரகம். புருஷன் ராஜ்குமார் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமைக்கும்போது போனில் பாட்காஸ்ட் கேட்கப் பழகினாள். யாரோ சென்னைக்காரப் பெண் தன் ஆபீஸ் வேலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு மறுநாள் என்னிடம் வந்து, அவங்க வேலையை அவங்க சொல்றாங்க, நம்ம ஊர்ப் பொம்பளைங்க செய்யாத வேலையா என்றாள். அடுத்த வாரமே வீட்டில் ஆரம்பித்துவிட்டாள். பெயர், 'என் வேலை'. வாரத்துக்கு ஒரு பெண், இருபது நிமிடம், தான் செய்கிற வேலையைப் பற்றித் தானே பேச வேண்டும்.

ஸ்டுடியோ என்று ஏதாவது கற்பனை செய்துகொள்ளாதீர்கள். படுக்கையறை பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் சட்டையில் குத்தும் சின்ன மைக்கைச் செருகிவிடுவாள். எதிரொலியைப் புடவைகள் குடித்துவிடும். ஜன்னலுக்குப் போர்வை. மின்விசிறி ஓடக் கூடாது. பேச வருகிற பெண் கட்டிலில் உட்கார்ந்து பீரோவுக்குள் தலையை நீட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் பேச வேண்டும். தெரு அடங்கிக் கிடக்கிற மதியம் இரண்டு மணிக்குத்தான் பதிவு. அப்போதும் ஒரு தொல்லை உண்டு. தக்காளி வண்டி வந்துவிடும். வேணி தன் குரலே தெருமுனையைத் தாண்டிப் போகிற வரைக்கும் தலையில் கைவைத்துக் காத்துக்கொண்டிருப்பாள்.

இட்லிக் கடைக்காரி பேசினாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் வேலை செய்கிறவள் பேசினாள், நான்கூடப் பேசினேன். பதிவைப் போனிலேயே வெட்டி ஒட்டி ஆப்பில் ஏற்றிவிட்டு, மகளிர் குழு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முந்நூறு, நானூறு பேர் கேட்பார்கள். ஒருவருக்கும் அதனால் வம்பு வந்ததில்லை, அஞ்சம்மாள் சாகும் வரை.

சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவர் அவருடைய மகன் ஜெகதீசன். விக்கிரவாண்டி போகிற வழியில் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். மண்டபத்தின் பெயர், அவர் வகிக்கிற மூன்று பதவிகள், மருமகன்களின் உத்தியோகம் எல்லாம் இருந்தன. செத்தவர் பெயர் மட்டும் இல்லை. வேணி கேட்டாள்.

"அம்மா பேரு யாருக்குங்க தெரியப்போவுது? என் பேரப் போடுங்க, ஜனம் வரும். ஜல்தியா முடிங்க" என்றார் அவர்.

வேணி பேசினாள். மண்டப உரிமையாளர் ஜெகதீசன் அவர்களின் தாயார் இயற்கை எய்தினார் என்று ஆட்டோ ஊரைச் சுற்றி வந்தது. நானும் யோக்கியம் இல்லை. பேனரில் அந்த அம்மாள் பெயருக்குக் கீழே 'இல்லத்தரசி' என்று அவர் சொன்னபடி டைப் அடித்துக் கொடுத்தவள் நான்தான்.

மூன்றாம் நாள் காலை கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும், ஊருக்குள்ளேயே இருக்கிற ரோஷணைப் பகுதிக்காரர், பெயர் பொன்னி. வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, அந்த அறிவிப்பைச் சொன்னது யார் என்று கேட்டார். வேணி எழுந்து நின்றாள்.

"எங்க தெருவுலதான் பாப்பா அந்த ஆட்டோ போச்சி. நான் கொழாயில தண்ணி புடிச்சிக்கினு கேட்டேன். யாரோ பெரிய மனுஷன் வூட்டு சாவுன்னு குடத்தத் தூக்கிக்கினு உள்ள போயிட்டேன். அது எங்க அஞ்சம்மாக்கா பாப்பா. இருவத்தாறு வருஷம் ஒண்ணா வேல செஞ்சேன். பேரு சொல்லியிருந்தா ஓடியிருப்பேனே. மொகத்தப் பாக்காம எடுத்துட்டாங்க."

அந்த மகன் மண்டபம் கட்டினதும் பொன்னிக்குத் தெரியாது, அவர் பெயரும் நினைவில்லை. சின்ன வயசில் வீட்டில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பேனரைப் பார்த்துக்கூட அவருக்குத் தெரியவில்லை, மூலையில் இருந்த படத்தையும் அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த பெயரையும் யார் பார்ப்பது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. வேணி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, இருபத்தாறு வருஷ சிநேகிதியைக் குழாயடியில் நிற்க வைத்துவிட்டார்கள். நாங்களும் அதற்குத் துணை போயிருக்கிறோம்.

அந்த வாரம் 'என் வேலை'யில் பேசியது பொன்னி. தன் வேலையைப் பற்றி அல்ல, அஞ்சம்மாள் வேலையைப் பற்றி. பீரோவுக்குள் தலையை விடச் சொன்னதும் இது என்னடி பேஜாரு என்று சிரித்தவர், பேச ஆரம்பித்ததும் எங்களை மறந்துவிட்டார். அஞ்சம்மாள் தார் ரோடு போடுகிறவர். பிரம்மதேசத்துப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபிறகு கான்டிராக்டரிடம் ஜல்லிக் கூடை தூக்கப் போனவர். காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கொதிக்கிற தார்மேல் நடப்பார்களாம். தார் பதமாகக் காய்ந்துவிட்டதா என்று புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம், மேஸ்திரியே வந்து கேட்டுக்கொண்டு போவாராம். ஒரு தடவை டிரம் சாய்ந்தபோது பொன்னியைத் தள்ளிவிட்டதில், தார் அஞ்சம்மாள் காலில் கணுக்கால் முதல் முட்டி வரை கொட்டிவிட்டது. ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். ஏன்க்கா வந்தே என்று கேட்டதற்கு, தம்பி விழுப்புரத்தில் டிப்ளமா படிக்கிறான், நின்றுவிட்டால் அவன் படிப்பும் நின்றுவிடும் என்றாராம். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுக் கைகளைத் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தார் வாசனை தம்பிக்குப் பிடிக்காது.

அந்தப் பதிவு எங்கெங்கோ போனது. ரோடு வேலை செய்கிற பொம்பளைகள் அனந்தபுரத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வேணிக்குப் போன் செய்தார்கள். நாலாம் நாள் ஜெகதீசனுக்கும் போய்ச் சேர்ந்தது. நேராக மைக்செட் கடைக்கு வந்தார். எங்க அம்மா ரோடு போட்டாங்கன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொன்னது யார் என்று கேட்டார். விழுப்புரத்தில் பெரிய இடத்தில் மகளுக்கு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறாராம். பதிவை எடுக்காவிட்டால் மண்டபத்துக்குள் விருத்தாசலத்தின் மைக்செட் ஒரு கல்யாணத்துக்கும் நுழையாது என்றார். அவர் போனதும் விருத்தாசலம் வேணியிடம், சாயங்காலத்துக்குள் அதை எடு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் அவர் கடைக்குக் குரல் கொடுத்தவளிடம் இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? தார்க்காசில் படித்துவிட்டுத் தார் என்றால் கேவலமா, அந்த ரோட்டில்தானே அவர் கார் ஓடுது என்று அடுத்த கடை வரைக்கும் கேட்கிறபடி கத்தினேன். என்னைப் போய் டிசைன் பார்க்கச் சொன்னார் விருத்தாசலம்.

வேணி கத்தவில்லை. ஜெகதீசனுக்குப் போன் செய்தாள். பொன்னியக்கா சொன்னதில் தப்பு இருந்தால் நீங்களே வந்து உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள், ஒரு வார்த்தை வெட்டாமல் போடுகிறேன், இரண்டும் ஒரு வாரம் இருக்கட்டும், அதற்குப் பிறகும் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்றாள். மைக் என்றால் அவருக்கு உயிர். உடனே சரி என்றார், விருத்தாசலத்தையும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். நான் வேணியைத் திட்டித் தீர்த்தேன். கழுத்தில் கத்தி வைத்தவனுக்கு விருந்து வைக்கிறாயா என்று கேட்டேன். அவள் வீட்டுக்குப் போய் ஜன்னலுக்குப் போர்வை மாட்டினாள்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் எதிரில், புடவைகளைப் பார்த்துப் பேசினார் ஜெகதீசன். எங்க அம்மா ஒரு தெய்வம் என்று ஆரம்பித்தார். அத்தோடு அம்மா முடிந்தது. தான் எப்படிப் படித்தேன், யார் தயவும் இல்லாமல் எப்படி முன்னுக்கு வந்தேன், மண்டபத்துக்கு ஏசி போட்டது, கும்பாபிஷேகத்துக்கு மேளம் வைத்துக் கொடுத்தது, சங்கத்தில் தனக்குக் கிடைத்த பதவி என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை வேணி கேட்டாள், அம்மா கையால் எது சாப்பிடப் பிடிக்கும் என்று. அதெல்லாம் எதுக்குங்க என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் எத்தனை கார் நிறுத்தலாம் என்று சொன்னார். அந்தத் தெய்வத்தின் ஆசீர்வாதம் என்று முடித்தார். பதினொரு நிமிடம். எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்லா வந்துச்சா என்று கேட்டார்.

சொன்னபடியே ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டாள் வேணி. பொன்னியின் பேச்சுக்கு அடுத்து அது. அன்று சாயங்காலம் பொன்னி போன் செய்தார்.

"முழுசா கேட்டேன் பாப்பா. இதுல அக்கா எங்க வர்றாங்க?"

அவர் மட்டும் இல்லை, கேட்ட பொம்பளைகள் எல்லோரும் அதையே கேட்டார்கள். குழுவில் குரல் செய்தியாக வந்து விழுந்தது. அம்மா பற்றிய பகுதி அடுத்த வாரமா என்று ஒருத்தி நிஜமாகவே விசாரித்தாள். ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாவற்றையும் அவரே சொல்லி வைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் வேணி போர்வை மாட்டியது ஏன் என்று புரிந்தது.

ஆறாம் நாள் ஜெகதீசனே கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், வேணி ஸ்பீக்கரில் போட்டாள். குரல் இறங்கியிருந்தது. விழுப்புரத்துச் சம்பந்தி வீட்டாரைக் காரில் வைத்துக்கொண்டு போகும்போது, பெருமையாகத் தன் பேச்சைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அது முடிந்ததும் ஆப்பில் பொன்னியின் பேச்சு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனைத் தேடியவரிடம், நிறுத்த வேண்டாம் என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லிவிட்டார். விழுப்புரம் வரை அது முழுசும் ஓடியதாம். இறங்கும்போது அந்த அம்மாள், உங்க அம்மாவுக்குக் கால் கடைசி வரைக்கும் வலிச்சுதா என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மாவோடது இருக்கட்டும்" என்றார். "என்னோடத எடுத்துடுங்கம்மா."

கடையில் நின்ற விருத்தாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி வேணியைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வராது. நான் ஒரே பாய்ச்சலில் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வேணி கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"எடுத்துடறேங்க. ஒரு நிமிஷ வேல. ஆனா நீங்க மொதல்ல ரோஷணைக்குப் போயி, பொன்னியக்கா வூட்டு வாசல்ல நின்னு, அம்மா மொகத்தப் பாக்க விடாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. நான் போயி சொல்லிட்டு வந்துட்டேன். உங்க பங்கு பாக்கி இருக்கு."

"நானா? அங்கயா?" என்றார். பிறகு லைன் கட்டாகிவிட்டது.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. மண்டபத்திலிருந்து ரோஷணைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அவர் இன்னும் போகவில்லை. பதினொரு நிமிடமும் அங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.