பனி மிதித்த பாதை

ஜெர்மனியில் ஓல்டன்பேர்க்குக்கு மேற்கே, வாய்க்கால் வெட்டி நீரை வடித்த சதுப்பு நிலத்தில் ஒரு பேர்ச் மரக் காடு. வனத் தொழிலுக்கான ஆஸ்பில்டுங் பயிற்சி முடித்த ஜெயமலரின் பொறுப்பில் வந்த முதல் காடு அது. பேர்ச் வெளிச்சப் பைத்தியம். பக்கத்து மரங்களை இளசிலேயே வெட்டிக் கழித்துவிடாவிட்டால் தலை ஒடுங்கிப்போகும். பிறகு எவ்வளவு இடம் விட்டாலும் விரியாது. போன மாரிக் குளிரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் அப்போது நிலம் உறையவில்லை. உறையாத கறுத்த மக்கு மண்ணில் மரம் வெட்டும் இயந்திரத்தை இறக்கினால் பிறகு அதைத் தூக்க இன்னொரு இயந்திரம் தேட வேண்டும். இந்த மாரியும் தவறினால் மிஞ்சுவது வெறும் கம்புக்காடு.

தை மாதம் முழங்கால் மட்டுக்கு ஸ்னோ கொட்டியது. இயந்திரம் ஓட்டும் ஹைக்கோ சந்தோஷமாக ரெலிபோன் எடுத்து, எப்போது வரட்டும் என்றான். ஜெயமலருக்கு முகம் விழுந்துவிட்டது. ஸ்னோ நிலத்துக்குப் போர்வை. மிதித்து இறுக்கினால்தான் குளிர் கீழே இறங்கி நிலம் உறையும்.

சனிக்கிழமை, பேக்கரியில் வேலை செய்யும் கணவன் தபோதரனையும் இழுத்துக்கொண்டு போனாள். இயந்திரம் போகும் பாதைகளில் இருவரும் பக்கத்துப் பக்கமாக மிதித்து நடந்தார்கள்.

"கலியாணத்திலை அக்கினியைச் சுத்தினது காணாதெண்டு இப்ப ஐஸிலை சுத்த விட்டிருக்கிறீர்."

"கதைச்சுக்கதைச்சு காலை இழுக்கிறியள். ஊண்டி மிதியுங்கோ."

வாய்க்கால் ஓரப் பாதைக்கு வந்தபோது அவனுடைய சப்பாத்துக்குள் தண்ணி. பாவம் பார்த்து, போதும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பிறகு நல்ல உறைபனி பிடித்தது. ஹைக்கோ வந்தான். மிதித்த பாதைகள் தாங்கின. மாலைக்குள் அவன் வாய்க்கால் பக்கம் திரும்ப, ஜெயமலர் கையை உயர்த்தினாள். இரும்புக் கம்பியை நிலத்தில் குத்திப் பார்த்தாள். பேக்கரிப் பாணுக்குள் கத்தி போலப் போனது. வெட்டிய கொப்புகளைப் பரப்பி மேலே ஓட்டலாம் என்றான் ஹைக்கோ. இப்போது விட்டால் அடுத்த மாரிதான் என்றும் சொன்னான். அவள் கம்பியைப் பிடுங்கித் துடைத்தாள்.

"அதுக்குள்ளை விட ஏலாது" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, அவனுக்கு ஜெர்மனில் ஒரே சொல்லில் சொன்னாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

சாறு ஏறும் பங்குனிக்கு முன், வேலை முடிந்து வந்து அந்த வாய்க்கால் ஓரத் துண்டை அவளே கைவாளால் கழித்தாள். வெட்டியதை வெளியே இழுக்க வழியில்லை. விற்க வேண்டிய மரம் சேற்றில் கிடக்கிறதே என்று காணிக்காரர் முறுமுறுத்தார். பிழை என்னுடையது, பாதையைச் சரியாக மிதிக்கவில்லை, என்றாள் அவள். அவர் அண்ணாந்து பார்த்தார். நிற்கிற மரங்களின் தலைகளுக்கிடையே வானம் தெரிந்தது. சரி, கிடக்கட்டும் என்றார்.