நடுவறைக்கு எத்தனை அடி

இதில் ஒரு வரிகூடக் கட்டுக்கதை இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இஞ்ச் டேப்போடு என் கடைக்கு வரலாம். ஒரு முனையை நானே பிடித்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாகிக்கொண்டிருந்த சமயம் அது. அப்பா விட்டுப்போன வீட்டின் முன்பக்கத்தில் வரிசையாக மூன்று அறைகள். மொத்தம் முப்பது அடி. நடுவறை அத்தையுடையது. கல்யாணம் ஆகாதவள். சாகும்வரை அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். நானும் தங்கையும் தையல்காரிகள்தான், ஆனால் அத்தையின் தையலுக்குப் பக்கத்தில் எங்களுடையது நிற்காது. அந்த எரிச்சல் எங்களுக்குக் கடைசிவரை தீரவில்லை. அவள் போன மூன்றாம் மாதம், க்ரீச்சிடும் அவளுடைய மிதி மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டோம். நடுவறையின் மத்தியில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு தையல் கடை திறந்தோம். மேஸ்திரி அளந்து கொடுத்தது, ஆளுக்குப் பதினான்கரை அடி.

இரண்டாம் மாதம், வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. உடம்பு போட்டுவிட்டது என்று சாப்பாட்டைக் குறைத்தேன். பிறகு அப்படியும் நுழைய முடியவில்லை. அளந்தேன். பதின்மூன்றரை. தங்கை சுவரை என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். அவளோடு பேச்சை நிறுத்தினேன்.

நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மறுபடி அளந்தேன். பன்னிரண்டு. மதியம் மணி மூன்று பத்து. இரண்டு கடைக்கும் அது ஓய்வு நேரம். சுவருக்குள்ளிருந்து...

டக டக டக டக... க்ரீச்.

நடுநடுவே பெண்களின் பேச்சு. சிரிப்பு. ஓய்வு நேரத்திலும் அவளுக்கு இவ்வளவு கூட்டமா! வயிறு பற்றி எரிந்தது. சண்டைக்கே கிளம்பினேன்.

மூன்று பதினான்கு. தங்கையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். வாடிக்கையாளர் ஒருத்திகூட இல்லை. தங்கை சுவரில் காதை வைத்து நின்றிருந்தாள். கையில் இஞ்ச் டேப்.

"உன் கடையில அவ்ளோ கூட்டமாக்கா?"

"என் கடையிலயா?"

"எப்பவும் உனக்குத்தான் எல்லாம். சுவரையும் தள்ளி வச்சுக்கிட்ட."

"உனக்கு எத்தனை அடி இருக்கு?"

"பன்னிரண்டு."

எனக்கும் பன்னிரண்டு... முப்பதில் சுவருக்கு ஓரடி போக, மீதி ஐந்து எங்கே?

டக டக டக டக... க்ரீச்.

அந்த க்ரீச் எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மேஸ்திரி சுவரில் துளை போட்டார். ஓரடிக் கம்பிதான். அது அந்தப் பக்கம் நின்ற தங்கையின் உள்ளங்கையில் போய் முட்டியது.

"ஒரே சுவர்தாம்மா. உள்ள ஒண்ணும் இல்ல," என்றார். கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

போன வாரம் ஒரு பெண் கவுன் ஒன்றைக் கொண்டுவந்தாள். நீளம் குறைக்க வேண்டுமாம்.

"எங்க தச்சது?"

"நடுக்கடையில."

"எந்த நடுக்கடை?"

"உங்க ரெண்டு கடைக்கும் நடுவுல இருக்கே, அதுதான். வயசானவங்க ஒருத்தங்க தைப்பாங்க. இன்னைக்கு என்னவோ அந்தக் கடையே கண்ணுல படல."

கவுனைத் திருப்பி உள்தையலைப் பார்த்தேன். ஓர் இடத்திலும் பிசகவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை... பொறாமை.

அன்று மாலையே அளந்தேன்.

பதினொன்று.