பத்திரம் பதியாத வீடு

அக்காவுக்கு அந்த யோசனையைச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக யார் யார் தலையிலோ பழியைப் போட எனக்கே ஆசை வந்துவிடும்.

யாங்கோனில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரி போய்விடும். பெரிய முதலாளிகள் வக்கீல் வைத்துத் தப்பிக்கிறார்கள், நடைபாதைக் கடைக்காரனை யாரும் கேட்பதில்லை, நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். திரும்பக் கிடைத்தது என்ன? கரண்ட் ஒரு வேளை வந்தால் மறு வேளை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியும் பஞ்சும் நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். லைங் தாயா பக்கம் வேலையாகப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே வாய்க்கால் ஓரத்துத் தார்ப்பாய்க் குடிசைகளைப் பார்ப்பேன். "ஒரு காசு வரி கட்டாத ஜனம், வெள்ளம் வந்தா இவங்களுக்குத்தான் அரிசி மூட்டை" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டுவார். இருவருக்கும் மனசு கொஞ்சம் ஆறும்.

அக்காவும் அத்தானும் தாமுவேயில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் ஒரு வீடு பார்த்தார்கள். அத்தான் மோட்டார், மின்விசிறி பழுது பார்ப்பவர். அக்காவின் நகை, கோயில் சனங்களோடு சேர்ந்து போட்ட சீட்டுப் பணம், எல்லாம் சேர்ந்து வீட்டு விலைக்கு வந்துவிட்டது. பத்திரம் பதிவதில்தான் வில்லங்கம். முத்திரை வரி ஒரு பக்கம். பணம் எப்படி வந்தது என்று காட்டாவிட்டால் அதற்குத் தனியாக இன்னொரு வரி.

"நகைய வித்தேன்னா, நகை எங்கேருந்து வந்துச்சும்பாங்க. அம்மா போட்டாங்கன்னா, அம்மாவோட ரசீது எங்கேம்பாங்க. மேல போயித்தான் வாங்கியாரணும்" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவங்களுக்கு எதுக்குக்கா கொட்டிக் குடுக்கணும்? பவர் எழுதி வாங்கிக்கங்க. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் இருக்காங்க. நானே அப்படித்தான் இருக்கேன்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. தின்கன்ஜூனில் என் வீடும் அப்படி வாங்கியதுதான். நாம் பணத்தைக் கொடுத்துவிட்டால், வீட்டுக்காரர் தன் சார்பில் எல்லாம் செய்துகொள்ள நமக்கு அதிகாரம் எழுதித் தருவார். தாளில் வீடு அவருடையது, வாழ்வது நாம். வரி கிடையாது. ஒரே ஒரு தொல்லை, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தத் தாளுக்கும் உயிர்.

அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவுக்குப் பழக்கூடையும் புது லோன்ஜிக் கைலியும் எடுத்துக்கொண்டு என் பழைய வீட்டுக்காரரிடம் போவேன். பர்மியர் பெரியவர்களை வணங்கும் மாதம் அது. நானும் மண்டியிட்டுக் கும்பிடுவேன். "ஊலே, நீங்க நூறு வருஷம் இருக்கணும்" என்று மனதார வேண்டிக்கொள்வேன். இந்தியனுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று அவர் வீட்டில் மெச்சுவார்கள். நான் குனிந்தபடியே அவருடைய இருமலைக் கவனித்துக்கொண்டிருப்பேன். அக்காவுக்கும் இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு எழுதிக் கொடுத்தவர் தினமும் காலையில் நடக்கப் போகிற, கல்லு மாதிரி ஆள். அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தோம்.

நடக்கப் போன இடத்தில் விழுந்தார், அவ்வளவுதான். அவருடைய பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குப் பணமுடை. அப்பா பெயரில் இருந்த வீட்டை, முறையாகப் பதிந்து வாங்கக்கூடிய ஒருவருக்கு விற்றார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்று அத்தான் குதித்தார். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் நீட்ட வேண்டுமானால், அந்த வரியோடு பல மடங்கு அபராதமும் கட்ட வேண்டும் என்றார் வக்கீல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வக்கீல் மேஜையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏதாவது திட்டியிருக்கலாம்.

லைங் தாயாவில் வாடகை அறைக்குப் போனார்கள். தையல் ஃபேக்டரிகளில் மெஷின் பழுது பார்த்து அத்தான் கொஞ்ச நாள் ஓட்டினார். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின, வாடகை ஏறியது. கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் தார்ப்பாய் கட்டினார்கள், நான் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பொருமிய அதே வரிசையில்.

அதைவிடப் பெரிய அடி குடும்பப் பட்டியல். இந்த ஊரில் ஏதாவது ஒரு வீட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் நீ ஆள். அரசு விலையில் பாமாயில், வெள்ள நிவாரணம் எல்லாம் அதைக் காட்டித்தான். தாமுவே வீட்டைப் புதிதாக வாங்கியவர், பழைய வீட்டுக்காரர் சேர்த்துவிட்டிருந்த அக்கா, அத்தான் பெயர்களை நீக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர்கள் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். "தம்பி, உன் பட்டியல்ல எங்க ரெண்டு பேர் பேரையும் சேத்து விடுடா. தங்க வரல. பேரு இருந்தாப் போதும்."

பெயர் சேர்க்க வார்டு ஆபீஸில் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். என்னிடம் இருப்பது எண்பது வயதுக்காரர் ஒருவரின் கையெழுத்து. எடுத்துக் காட்டினால் என் வீட்டின் கதையும் வெளியே வரும். பயந்தேன். "பார்க்கலாம்க்கா, வார்டு ஆபீஸ் சயா லீவுல இருக்காரு" என்றேன். அடுத்த முறை ஃபாரம் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த முறை என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா அதையும் கேட்டுக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை எங்கள் தெருவுக்குப் பாமாயில் லாரி வந்தது. பட்டியலும் பாட்டிலுமாக வரிசையில் நின்றேன். அன்றைக்குப் பார்த்து அக்கா வந்தாள். தன் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "ரெண்டு பாட்டிலாக் கேட்டுப் பாப்போமா?" என்றாள்.

எங்கள் முறை வந்தது. வார்டு குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பட்டியல்ல இல்லியே. உங்க வீட்லதான் இருக்காங்களா? யாரு இவங்க?" என்று பர்மியில் கேட்டார்.

என் அக்கா என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதிகம் போனால் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். எனக்கு அந்த ஒரு கேள்விதான் பயம்.

"தெரிஞ்சவங்க, சயா" என்றேன் பர்மியில்.

அக்காவுக்கு என்னைவிட நன்றாக பர்மி தெரியும். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினாள். மழைக்கு ஒதுங்கி, நான் வரும்வரை நின்றாள். நிரம்பிய பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

"வேணாம்டா. உன் பேருக்குக் குடுத்தது." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "அத்தான்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத."

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை எனக்கு. அரிசியும் எண்ணெயும் அத்தானுக்கு மாத்திரையும் வாங்கிக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரம் மொட்டையாகக் கிடந்தது. புதிதாகக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். "காலைல வந்து எல்லாத்தையும் தள்ளிட்டாங்க. ஆளுக்கொரு மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் வெற்றிலைக் கடைக்காரி. அக்காவின் போன் அடிக்கவில்லை. இன்றுவரை அடிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வார்டு ஆபீஸுக்குப் போனேன். எந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். எதிலும் இல்லை என்றேன்.

"அப்புறம் எப்படித் தேடுறது? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி, சயா. கூடப் பிறந்த தம்பி" என்றேன்.

குமாஸ்தா எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டார்.