மேற்கோள் மொய்

இருபது வருடங்களாக ஆட்டுக் குடலில்தான் என் பிழைப்பு. சில ஆடுகளுக்கு மட்டும் குடற்புழு ஏன் எளிதில் பிடிப்பதில்லை, அதற்கு எந்த மரபணு காரணம் என்பது என் ஆராய்ச்சி. மதுரையில் ஆட்டுக் குடல் என்று பேச்சை ஆரம்பித்தால் யாருக்கும் ஆர்வம் வந்துவிடும்; நான் பேசும் பக்கமாக மட்டும் வராது.

அந்த ஆர்வமின்மைக்கு ஓர் எண் உண்டென்பதைப் போன வருடம் கல்லூரி கண்டுபிடித்தது. உங்கள் கட்டுரைகளில் பத்தை, ஒவ்வொன்றையும் பத்துப் பேராவது மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் எண் பத்து. அதற்குக் கீழே இருப்பவரின் ஆய்வகம் செயற்கை நுண்ணறிவு மையத்துக்குப் போய்விடும். இயற்கையாக இருந்த அறிவை மட்டும் வைத்துக் காலம் தள்ளிய எனக்கு ஆறு.

ஒத்தக்கடை டீக்கடையில் புலம்பியபோது நண்பன் சிரித்தான். பக்கத்துத் துறைக்காரன், இரும்பு துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்ட் கண்டுபிடிப்பவன். அவன் எண் இருபதைத் தாண்டியது.

“அந்த ஆறுல எம்புட்டு நீயே போட்டுக்கிட்டது?”

“பாதி இருக்கும்.”

“ஒன் வீட்டு விசேசத்துக்கு நீயே மொய் எழுதிக்கிட்டா எப்புடி மாப்ள? நாலு வீட்டுக்குப் போயிச் செய்யணும். அப்பத்தான் நாலு பேரு வந்து ஒனக்குச் செய்வாக.”

“நீ பெயின்ட்டு, நான் ஆடு. எங்க போயி ஒட்டுறது?”

“மொய் செய்றவன், மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பொருத்தம் பாத்துட்டா செய்றான்?”

சொன்னபடி செய்தான். ‘உயிருள்ள பரப்புகளும் சிக்கலானவையே’ என்று தன் கட்டுரைகளில் எழுதி என் ஆடுகளை வரிசையாக நிறுத்தினான். அவன் கூட்டாளிகளும் செய்தார்கள். என் எண் எட்டானது.

இனி என் முறை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்ததுதான் என் வாழ்நாளில் உருப்படியான ஒரே கட்டுரை. மேலூர்ப் பக்கம் கிடை கிடையாக அலைந்து ஆட்டு ரத்தம் எடுத்து, கடைசியில் அந்த மரபணு முகம் காட்டியிருந்தது. அதில் துருவை எங்கே வைப்பது? யோசித்தேன். புழு ரத்தத்தைக் குடிக்கிறது. ரத்தம் குறைந்தால் இரும்பு குறைகிறது. இரும்பு என்றால் துரு. நண்பனின் கட்டுரைகளை முதல் பத்தியிலேயே உட்கார வைத்தேன். மைக்கில் பெயரைச் சொல்லாத மொய்க்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது.

பெரிய பத்திரிகைக்குத்தான் அனுப்பினேன். மதிப்பீட்டாளர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: ஆட்டுக்குப் பெயின்ட் அடிப்பது ஆசிரியரின் உத்தேசமா? இப்படி மேற்கோள் காட்டுபவரின் தரவுகளையும் நம்புவதற்கில்லை என்று கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த அடி: நண்பனின் கட்டுரைகள் வந்த சஞ்சிகைகளைத் தரமில்லையென்று எண் கணக்கிடும் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அவற்றோடு என் ஆடுகளும் போயின. மறுபடி ஆறு. நண்பனுக்கும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவன் பல மண்டபங்களில் மொய் எழுதியவன், தாங்கிக்கொண்டான்.

டீன் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஆறுதான் சார் காட்டுது. நான் என்ன செய்ய?”

“பேப்பர வேற எடத்துக்கு அனுப்பப்போறேன் சார். ஒரு வருசம் குடுங்க.”

“தெறப்பு விழாவுக்குப் பந்தக்காரனுக்குச் சொல்லியாச்சே சார்.”

அறை போனது. ரத்த மாதிரிகளை வைக்க எந்தத் துறையின் குளிர்பெட்டியிலும் இடமில்லை. மருத்துவக் கழிவு ஏற்றும் வேனில் போயின. இனி எந்தப் பத்திரிகையாவது ஒரு சோதனையைத் திரும்பச் செய்து காட்டு என்றால், என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

“எந்த ஆஸ்பத்திரி சார்?” என்றார் வேன்காரர்.

“ஆடு” என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

மேசையின் மறுமுனையைப் பிடிக்க நண்பன்தான் வந்தான். மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றபோது, “தப்பா எடுத்துக்காத மாப்ள” என்றான். “நான் செஞ்சதெல்லாம் ஒங்கிட்ட அப்புடியே நிக்கிது. நீ இன்னும் ஒண்ணுகூடத் திருப்பலயே.”

“இனிமே என்னத்த வச்சு எழுத?”

“அவசரமில்ல. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள செஞ்சாப் போதும்.”

சரியென்றேன். மேசையை மறுபடி தூக்கினோம். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.