பார்கோடுக்கு வைத்த பொட்டு

பயந்த சுபாவம் என்பதை நான் எப்போதும் மறைத்ததில்லை. ஆனால், பயத்தில் எழுநூறு சொச்சம் பார்கோடுகளுக்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமமும் வைத்த ஆள் நான் என்பதை வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை. விரலெல்லாம் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டபோது, ஆயுத பூசை என்றேன். அது பொய்யும் இல்லை.

நாமக்கல்லில், கோழிப்பண்ணை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்கும் அதன் கிடங்குக்கும் நான் பொறுப்பு. வந்த புதிதில் கிடங்கு நிர்வாகம் பற்றிக் கனமான புத்தகம் ஒன்றைப் படித்துத் தொலைத்தேன். படிக்கிற பழக்கம் உள்ளவனிடம் கிடங்கைக் கொடுக்கவே கூடாது. அதுவரை அலமாரிகளில் சாக்பீஸால் 'ஃபேன் சாமான்', 'தண்ணி லைன்', 'சில்லறை' என்று எழுதியிருக்கும். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். பாகங்கள் அத்தனையும் ஒரே மாதிரி நீலப் பெட்டிகளுக்குள் போயின. பெட்டிக்கு ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் எண்ணும் பார்கோடும். எந்தப் பெட்டியும் எங்கேயும் இருக்கலாம். பார்கோடு படிக்கும் கருவியைக் காட்டினால் இன்ன பெட்டி இன்ன இடம் என்று கணினி நினைவில் வைத்துக்கொள்ளும்.

"அப்ப நானு எதையும் நெனப்புல வெச்சுக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டார், பல வருடங்களாகச் சாமான் எடுத்துக் கட்டித் தரும் அக்கா.

"வேண்டாங்க்கா. அதுதான் இந்த முறையோட அழகே."

அவர் மறக்கத் தொடங்கினார். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர்.

பூசை முடிந்த வாரத்தில் முதலாளி இருப்பு சரிபார்க்க வருவதாக இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. சாமி பூதம் என்று யாராவது பேசினால் புருவத்தை உயர்த்துகிற நான், பூசைக்குப் பெட்டிகளை எல்லாம் இறக்கித் தூசி தட்டச் சொன்னேன். திரும்ப எந்த வரிசையில் வைப்பது என்று கேட்டார்கள். கைக்கு வந்தபடி வையுங்கள், நாளைக்குக் கருவியால் ஒருமுறை காட்டிவிடலாம் என்றேன். பிறகு யாரையும் தொடவிடாமல் நானே கிண்ணத்தோடு நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். வழவழப்பான நீலத்தில் சந்தனம் ஒட்டாது என்பதால் வெள்ளைச் சீட்டு முழுக்கப் பூசி வைத்தேன். கருவியை மட்டும் கவனமாக விலக்கிவிட்டேன். அதன் கண்ணில் ஏதும் பட்டுவிடக் கூடாதல்லவா.

மறுநாள் காலை, நல்ல நேரத்தில் கடை திறந்த உடனே ஒரு பண்ணைக்காரர் செருப்பில்லாமல் உள்ளே ஓடி வந்தார். கையில் கருகிய கான்டாக்டர். மின்விசிறிகளுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற, உள்ளங்கையளவு கறுப்புச் சாமான்.

"ஏனுங்க சார், நாலு பக்கமும் மூடுன கோழி ஷெட்டுங்க. அத்தனை ஃபேனும் நின்னு போச்சு. எலக்ட்ரீசியன் போனே எடுக்க மாட்டேங்கறான், சாமான் கெடச்சா நானே மாட்டிக்குவேன். ஒரு கடையும் தொறக்கலீங்க. இருவதாயிரம் கோழி உள்ள கெடக்குது!"

கணினியைத் தட்டினேன். இருப்பு மூன்று. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பெட்டி எண்ணும் வந்தது. கருவியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். அது ஒவ்வொரு பெட்டியின் முன்பும் சிவப்பாகச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. கொரோனா காலத்துச் சானிடைசர் ஒரு பாட்டில் இருந்தது. அதை ஊற்றித் துடைத்தேன். கடை ரசீது அடிக்கிற அந்த வகைக் காகிதம் சானிடைசர் பட்டால் முழுக்கக் கறுத்துப்போகும் என்று என் புத்தகத்தில் போடவில்லை. ஒன்றல்ல, பதினோரு சீட்டுகளைக் கறுப்பாக்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

பண்ணைக்காரரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஊட்ல பேசறாங்க. கோழியெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதாமுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பயத்தைப் பற்றி நான் படித்தவை ஏராளம். அப்போது ஒரு வரிகூட உதவவில்லை. எங்கேயோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருபதாயிரம் வாய்கள் திறந்திருந்தன. அவற்றுக்கான காற்று என்னைச் சுற்றியிருந்த நீலப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். "உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம்…"

"நீங்கதான வேண்டாம்னீங்க," என்றவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். "நிக்காதீங்க சார், கொட்டுங்க!"

மூன்று பேரும் கொட்டினோம். கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள், பேரிங், பெல்ட், திருகாணி எல்லாம் கலந்து உருண்டன. ஆறு மாதம் நான் கட்டிய ஒழுங்கு கால்மணி நேரத்தில் முழங்கால் உயரக் குவியலானது. கான்டாக்டர்களும் வந்தன, ஆனால் வேறு வேறு அளவு. ஒவ்வொன்றையும் கருகியதோடு ஒப்பிட்டுப் பண்ணைக்காரர் வீசி எறிந்தார். போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. எடுக்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இதேதானுங்க!" என்று கத்தியது அவரா அக்காவா என்று தெரியவில்லை. அதற்குள் பண்ணைக்காரரின் வண்டி தெருமுனையில் இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நான் குவியல் நடுவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை. கடைசியில் அவரே பேசினார். ஃபேன் ஓடுகிறது. கடைசி வரிசையில் நாற்பது, ஐம்பது கோழி போய்விட்டன. மற்றவை தப்பித்தன. "வெச்சிடறேனுங்க, தண்ணி காட்டோணும்," என்றார்.

நான் போனை வைத்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், புத்தகம் உட்பட. அவர் திருகாணிகளைப் பொறுக்கியபடியே கேட்டுக்கொண்டார். ஏதோ யோசனையில் இருந்தார். பிறகு உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க சார். அந்தக் கருவிக்கு மட்டும் வெக்காம உட்டுட்டீங்களாட்ட இருக்குது. அதானுங்க."